சூடானுக்கு ஒரு மருத்துவச் சான்றிதழ்

மருத்துவச் சான்றிதழ்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வருவாய்த் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். என் பணிப்பதிவேட்டைப் புரட்டினால் எனக்கு மூன்று முறை மஞ்சள் காமாலை வந்திருப்பது தெரியும். மூன்றும் முகூர்த்த மாதங்களில். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கு வந்த டைபாய்டும் முதுகுவலியும் கணக்கில் அடங்காது. ஒவ்வொன்றிலும் டாக்டரின் கையெழுத்து இருக்கும், முத்திரை இருக்கும், பதிவு எண் இருக்கும். நோய் மட்டும் இருக்காது. தேதி சரியா, முத்திரை தெளிவா என்று பார்ப்போம், ஃபைலில் கோப்போம், 'விடுப்பு அனுமதிக்கலாம்' என்று எழுதுவோம். உள்ளே எழுதியிருக்கும் நோயை யாரும் படிப்பதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்காக நான் வாங்கிய சான்றிதழில் எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. அவளுக்குக் கருப்பையில் கட்டி இருந்தது. ரத்தம் போய்ப் போய் உடம்பில் பாதி அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து. அந்தத் தாளை நானே போய் வாங்கினேன், நானே ஆறு பிரதி எடுத்தேன், இரண்டு மாவட்டங்களில் நானே கொடுத்தேன். அது உண்மை என்று தெரிய எனக்கு ஒன்பது நாட்கள் ஆயின.

எங்கள் ஒரே மகன் சிமெண்ட் ஆலைக்காரன். அரியலூரில் சூளைப் பிரிவில் எட்டு வருடம் இருந்துவிட்டுச் சூடானுக்குப் போனான். கார்த்தூமுக்கு வடக்கே, நைல் நதி ஓரத்தில் ஆலை. உலகத்தில் எங்கே சுண்ணாம்புக்கல் தோண்டினாலும் அங்கே ஒரு அரியலூர்க்காரர் ஹெல்மெட்டோடு நிற்பார். மருமகள் அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பேத்தியோடு அங்கேயே வாடகை வீட்டில் இருக்கிறாள். நானும் மனைவியும் பெரம்பலூரில்.

சித்திரை பிறந்த மறுநாள் மதியம் மருமகள் போன் செய்தாள். "மாமா, டிவி போடுங்க. சூடான்ல சண்டையாம்."

போட்டோம். விமான நிலையத்திலிருந்து கரும்புகை எழுந்துகொண்டிருந்தது. சண்டை போடும் இரண்டு படைகளும் அரசாங்கப் படைகள் என்றார்கள். ஒன்று ராணுவம், இன்னொன்று துணை ராணுவம். நேற்றுவரை இரண்டு தளபதிகளும் ஒரே மேடையில் உட்கார்ந்திருந்தார்களாம். ஒரே நாட்டில் இரண்டு இலாகாக்கள் அடித்துக்கொள்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் ஊரில் குறிப்பாணைதான் பறக்கும், குண்டு பறக்காது.

என் மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம புள்ள எந்தப் பக்கத்துல இருக்கான்?" என்றாள்.

"அவன் சிமெண்டு பக்கத்துல இருக்கான்."

"சிமெண்டு யாரு பக்கத்துல இருக்கு?"

அதற்கு எந்தச் சேனலிலும் பதில் இல்லை. அன்று மாலை அவனே இரண்டு நிமிடம் பேசினான். ஆலைக்குள் எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்கள், கரண்ட் இல்லை, போனை லாரி பேட்டரியில் சார்ஜ் போடுகிறார்கள், அடிக்கடி பேச முடியாது என்றான். "அம்மா எப்படி இருக்கு?" என்று கேட்டான். "நல்லாத்தாண்டா இருக்கேன்," என்று அவள் என் தோளுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுநாள். எத்தனையோ வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மனு வாங்கிய நான், இந்தப் பக்கம் வரிசையில் நின்றேன். மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று ஒரு பெண் காவலர் என் பையைத் தடவிப் பார்த்தார். உள்ளே இருந்தது மனுவும் மூக்குக் கண்ணாடிக் கூடும்தான். மனுவை நானே எழுதியிருந்தேன். பொருள், பார்வை, இணைப்பு என்று எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. எழுத்தர் அதைப் பார்த்து, "மனுன்னா இப்படி இருக்கணும்," என்று பக்கத்து ஆளிடம் காட்டினார். பிறகு பாஸ்போர்ட் நகலைத் திருப்பிப் பார்த்தார்.

"சார், அட்ரஸ் அரியலூர்ல இருக்கே? நீங்க அங்கதான் கொடுக்கணும்."

"பெத்தவன் நான் பெரம்பலூர்ல இருக்கேன் தம்பி."

"பெத்தவங்கள கேக்கல சார். பாஸ்போர்ட்டத்தான் கேக்குறாங்க."

பெரம்பலூரையும் அரியலூரையும் இரண்டு மாவட்டமாகப் பிரித்தபோது மேசை, நாற்காலி, பீரோ எல்லாவற்றையும் எண்ணிப் பங்கு போட்டவர்களில் நானும் ஒருவன். பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடியும் பிரித்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே பீரோ லாரியில் ஏறி இறங்கியது. கடைசியில் நாங்கள் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் என் மகன் விழுந்துவிட்டான். மறு பேச்சு பேசாமல் பஸ் ஏறினேன்.

அரியலூர் கலெக்டர் ஆபீசில் இந்த மனுக்களைப் பார்க்கும் பிரிவின் கண்காணிப்பாளர் ஒரு காலத்தில் என்னிடம் தட்டச்சராக இருந்தவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "சூடான்ல இருக்கிறவங்க லிஸ்ட் ஒண்ணு எடுக்கறோம் சார். குறிப்பு எழுத ரிமார்க்ஸ் காலம்னு ஒரு கட்டம் போட்டிருக்கேன். அவசரமா வரவேண்டியவங்கன்னா அதுல எழுதி அனுப்பலாம். வூட்டுல அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கா."

"ஒரு மெடிக்கல் வாங்கிக் குடுங்க சார். உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தார். எனக்குத் தெரியாததா?

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். "உனக்கு உடம்பு சரியில்லன்னு டாக்டர்ட்ட எழுதி வாங்கணும்."

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்கு உடம்பு சரியில்லன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"அரியலூர் சூப்பரெண்டுதான் யோசனை சொன்னாரு. எல்லாரும் செய்யறதுதான்."

"அப்ப அந்த லேடி டாக்டர்ட்டயே போவம்," என்றாள். எந்த லேடி டாக்டர், ஏன் அந்த லேடி டாக்டர் என்று நான் கேட்கவில்லை. சான்றிதழ் கொடுப்பவர் பதிவு பெற்ற மருத்துவராக இருந்தால் போதும். விதி அவ்வளவுதான்.

அந்த டாக்டரம்மா என் மனைவியை உள்ளே அழைத்துப் போய் அரை மணி நேரம் பார்த்தார். நான் வெளியே உட்கார்ந்து, இந்த ஊரில் ஒரு சான்றிதழுக்கே இவ்வளவு சிரத்தையா என்று வியந்துகொண்டிருந்தேன். பிறகு என்னையும் கூப்பிட்டார்.

"பையன் சூடான்ல இருக்கான் மேடம். கொஞ்சம் கனமா எழுதிக் குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்," என்றேன்.

"கனமா எழுதணுமா? உள்ளத எழுதறேன் சார். அதுவே கனமாத்தான் இருக்கு."

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை உணர்வுள்ள டாக்டர் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "திருச்சிக்கு எப்ப கூட்டிட்டுப் போறீங்க?" என்றார்.

"பையன் வந்துடட்டும் மேடம்."

"இதுக்குப் பையன் வரணுமா?"

"அவனுக்காகத்தானே மேடம் இந்த சர்ட்டிபிகேட்டே."

டாக்டரம்மா என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி தரையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நர்சுக்காக டாக்டரம்மா நடிக்கிறார் என்று நான் முடிவு செய்தேன். பதிவு எண்ணும் முத்திரையும் சரியாக விழுந்திருக்கிறதா என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிரமாதமாக விழுந்திருந்தது.

அன்றைக்கே ஆறு பிரதி எடுத்து, மறுநாள் அரியலூரில் மூன்று கொடுத்தேன். பெரம்பலூரிலும் ஒன்று கொடுத்து வைத்தேன். கேட்காவிட்டாலும் கொடுத்து வைப்பது என் வழக்கம். மகனின் போனுக்கும் படம் எடுத்து அனுப்பினேன். அதை அவன் பார்த்துப் பதறிவிடக் கூடாதே என்று கூடவே குரல் பதிவு ஒன்றும் அனுப்பினேன். "தம்பி, இது சும்மா ஃபைலுக்காக வாங்கினது. அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நீ எதையும் நம்பாத."

என் மனைவி பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேசி முடித்ததும், "நல்லா சொன்னீங்க," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் எல்லாம் தெரிந்துதான், பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று பொய் சொல்கிறேன் என அவள் நினைத்திருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி அவள் அவ்வளவு உயர்வாக நினைத்தது அந்த ஒரு தரம்தான் என்று பிறகு சொன்னாள்.

அன்று சாப்பிடும்போது இன்னொன்று கேட்டாள். "இந்தத் தாளு எத்தன நாளைக்கி செல்லும்?"

ஆபீஸ் விஷயத்தை அவள் ஆர்வமாகக் கேட்பது அபூர்வம். விரிவாகவே விளக்கினேன். "மனுவோட உசுரே இதுலதான் இருக்கு. தாய்க்கு ஆபரேஷன் பண்ணணும், அதனால மகன் வரணும்னு கேட்டிருக்கம். அந்தக் காரணம் இருக்கற வரைக்கும் மனு நிக்கும்."

"ஆபரேஷன் ஆயிடுச்சுன்னா?"

"ஆயிடுச்சுன்னா அப்புறம் என்ன அவசரம்? காரணம் போச்சுன்னா மனுவும் போச்சு."

அவள் தலையாட்டிக்கொண்டாள். எனக்கு மோர் ஊற்றினாள்.

அதற்குப் பின் வந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் குழப்பம்தான். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றையும் அறியவில்லை. அவள் முக்காலி போட்டு உட்கார்ந்து சமைத்தாள். மாடியில் துணி காயப்போடப் போனவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியில் ஒரு கருப்புத் துண்டை விரித்து அதன்மேல்தான் உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. இதற்கெல்லாம் சூடான்தான் காரணம் என்று நினைத்தேன். டிவியை அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அணைத்தேன். அவள் மறுபடி போட்டாள். அங்கே ஒரு நாளைக்கு மூன்று முறை போர்நிறுத்தம் அறிவித்தார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்குப் பிறகும் குண்டு விழுந்தது. உடையார்பாளையத்திலிருந்து அவள் அண்ணன் முந்திரிப்பழம் ஒரு கூடை கொண்டுவந்து வைத்துவிட்டு, "தங்கச்சி மொகமே சரியில்லையே மாப்ள?" என்றார். "புள்ள கவல மச்சான்," என்றேன்.

மருமகள் தினமும் போன் செய்தாள். முதலில் மகனைப் பற்றிக் கேட்பாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா, அத்தைய திருச்சிக்கு எப்பக் கூட்டிட்டுப் போறீங்க?" என்பாள். அவளுக்கும் நான் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். இவளும் ஃபைலைக் காப்பாற்றத்தான் இப்படிப் பேசுகிறாள், போனை யாராவது ஒட்டுக்கேட்டாலும் கேட்கட்டும் என்று நினைக்கிறாள், கெட்டிக்காரப் பெண் என்று எண்ணிக்கொண்டேன். "எல்லாம் பையன் வந்ததும் பாத்துக்கலாம்மா," என்றேன். அவள் போனை வைத்துவிடுவாள்.

சான்றிதழ் வாங்கிய ஒன்பதாம் நாள் பெரம்பலூர் ஆர்.ஐ. விசாரணைக்கு வருவதாகப் போன் செய்தார். அதாவது வருவாய் ஆய்வாளர். தாய்க்கு உண்மையிலேயே உடல்நலம் இல்லையா என்று நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கும்படி அரியலூரிலிருந்து எழுதியிருந்தார்களாம். நடைமுறைப்படி அது சரிதான். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் எனக்கு வியர்த்துவிட்டது. பொய்ச் சான்றிதழ் கொடுத்த ஓய்வு பெற்ற அதிகாரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

"ஏ, கொஞ்சம் படுத்துக்க," என்றேன் மனைவியிடம். "ஆர்.ஐ. வராங்க. ரொம்பப் பேசாத. தலமாட்டுல மாத்திரை எதாவது எடுத்து வை."

அவள் மறுபேச்சில்லாமல் பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். எப்படியும் சமாளித்துவிடுவாள் என்று எனக்குத் தெம்பு வந்தது.

ஆர்.ஐ. ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தன நாளாம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"ஐப்பசியிலருந்தும்மா. மொதல்ல கொஞ்சமாத்தான் பட்டுச்சு. இந்த வயசுல ஏன் இப்படின்னு வெளிய சொல்ல வெக்கம். பொறவு நிக்கவே இல்ல. குனிஞ்சு நிமிந்தா கண்ண இருட்டிட்டு வருது."

வாசற்படியில் நின்ற நான், கொஞ்சம் அதிகமாகவே நடிக்கிறாளே என்று கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு பெரிய கவரை எடுத்து ஆர்.ஐ.யிடம் கொடுத்தாள். அவர் ஸ்கேன் படத்தை வெளியே எடுத்தார்.

"இது பிப்ரவரியிலயே எடுத்திருக்கீங்களே?" என்றார்.

நான் உள்ளே போய் அதைக் கையில் வாங்கினேன். படத்தின் மூலையில் என் மனைவியின் பெயர், வயது, தேதி, நேரம் எல்லாம் அச்சாகியிருந்தன. பிப்ரவரி. அப்போது சூடானில் சண்டை இல்லை, மனு இல்லை, ரிமார்க்ஸ் காலம் இல்லை. தேவை வருவதற்கு இரண்டு மாதம் முன்பே யாரும் பொய்ச் சான்று தயாரிப்பதில்லை. அவளுடைய வெளுத்த உதடு எனக்குச் சொல்லாததை அந்தத் தேதி சொல்லிவிட்டது. என் படிப்பு அப்படி.

ஆர்.ஐ. எழுந்து வெளியே வந்தார். "ஏன் சார் இன்னும் ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போகாம வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கேள்வியில் மரியாதை இருந்தது. முகத்தில் இல்லை. நான் என்னவோ சொன்னேன். என்னவென்று நினைவில்லை.

அவர் போனதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "என்னாத்த சொல்லல? நீங்கதான சர்ட்டிபிகேட்டு வாங்குனீங்க? நீங்கதான ஆறு காப்பி எடுத்தீங்க? படிச்சீங்கல்ல?"

"படிக்கல. பாத்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்கச் சிரிக்க வயிறு வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள். "முப்பத்தாறு வருசமும் இப்படித்தான் பாத்தீங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்று அரியலூருக்குப் போனவள் மருமகளோடு ஸ்கேன் எடுத்திருக்கிறாள். ஆனி மாதம் மகன் லீவில் வரும்போது செய்துகொள்ளலாம், அதுவரை மாமாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். சான்றிதழை நான் போனில் அனுப்பியதும், மாமாவுக்குத் தெரிந்துவிட்டது என்று மருமகள் நிம்மதி அடைந்திருக்கிறாள். அதன் பிறகும் நான் அசையாமல் இருந்ததைப் பார்த்து, "உங்க மேல எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா மாமா? மனுசனான்னு நெனச்சேன்," என்று அன்றைக்குப் போனில் அழுதாள்.

"கெளம்பு, இப்பவே திருச்சிக்குப் போவம்," என்றேன் மனைவியிடம்.

"வரமாட்டேன்."

"ஏன்?"

"ஆபரேஷன் ஆயிடுச்சுன்னா காரணம் போச்சு. காரணம் போச்சுன்னா மனு போச்சு. நீங்க சொன்னதுதான? அவன் மொதல்ல நம்ம மண்ணுல கால வக்கட்டும். அப்புறம் என்னைய எங்க வேணா தூக்கிட்டுப் போங்க."

ஒன்பது நாளும் அவள் தெரிந்தேதான் தன் உடம்பைத் தள்ளிப் போட்டிருக்கிறாள். என் வாயால் கேட்ட விதியை அப்படியே கடைப்பிடித்திருக்கிறாள். என் வாழ்நாளில் நான் சொன்ன எந்த விதியையும் யாரும் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்லை. அதெல்லாம் சும்மா சொன்னது, ஆபரேஷன் செய்தாலும் மனு நிற்கும் என்று வாதாடினேன். "இப்ப எனக்காகப் பொய் சொல்றீங்க," என்றாள். "புள்ளைக்கிட்ட சொன்ன மாதிரி." எனக்கே அதில் எது பொய், எது விதி என்று தெரியவில்லை. உண்மையிலேயே மனு விழுந்துவிட்டால்? அவன் வரிசையில் பின்னால் போய்விட்டால்? இரண்டு பேரில் ஒருவரைக் காப்பாற்ற எந்தப் படிவம் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆனால் ஒருத்தி என் கண் முன்னால் வெளுத்துக்கொண்டிருந்தாள்.

மனுவே இல்லாவிட்டால் அவள் காத்திருக்கவும் காரணம் இருக்காது என்று அரியலூர்க் கண்காணிப்பாளருக்குப் போன் செய்தேன். "மனுவை வாபஸ் வாங்கணும் தம்பி."

"எதுக்கு சார் வாபஸ்? லிஸ்ட் அன்னைக்கே போயிடுச்சு."

"ரிமார்க்ஸ் காலம்?"

"அது... நாங்க போட்ட காலம் சார். மேலருந்து வந்த ஃபார்மேட்டுல அது கெடையாது. பேரு, பாஸ்போர்ட் நம்பர், போன் நம்பர், அங்க இருக்கிற எடம். அவ்வளவுதான் கேட்டாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் சொல்லாம இருந்தேன். மேலருந்து ஃபார்மேட் வர்றதுக்கு முன்னாடியே விசாரணைக்கு எழுதிட்டோம்."

போனை ஸ்பீக்கரில் போட்டு மனைவியிடம் நீட்டினேன். "நீயே கேளு."

அவர் மறுபடியும் சொன்னார். அவள் நம்பவில்லை. "தம்பி, இவரு ஒங்ககிட்ட சொல்லிக் குடுத்துட்டாரா?"

"இல்லீங்கம்மா."

"ஒங்கம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. வூட்டுலதான் இருக்காங்க."

"அவங்க மேல சத்தியமா சொல்லுங்க. என்னைய வெட்டுனாலும் வெட்டாட்டியும் எம்புள்ள வர்றதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு."

ஒரு கண்காணிப்பாளர் அலுவலக நேரத்தில் தன் தாயின் மேல் சத்தியம் செய்ய எந்த விதியும் இடம் கொடுக்கவில்லை.

"எங்கம்மா மேல சத்தியமாங்கம்மா. அந்த லிஸ்ட்டுல அப்படி ஒரு காலமே இல்ல. நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "காருக்குச் சொல்லுங்க," என்றாள். "அந்தப் பழுப்பு நெறப் புடவய எடுங்க. கற பட்டாத் தெரியாது."

திருச்சியில் மூன்று நாள் ரத்தம் ஏற்றினார்கள். நான்காம் நாள் அறுவை சிகிச்சை. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். கட்டி மோசமான வகை இல்லை என்று பரிசோதனையில் பிறகு வந்தது. அந்த அறிக்கையை மூன்று முறை படித்தேன். முத்திரையைப் பார்க்க மறந்துவிட்டேன்.

அறுவை சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள் மகன் வந்தான். ஆலையிலிருந்து துறைமுகத்துக்குப் பஸ், அங்கிருந்து கப்பல், பிறகு இரண்டு விமானம். விமானத்தை விட்டு இறங்கியதும் மருமகள் போனில் விஷயத்தைச் சொல்ல, தாடியும் சிமெண்ட் நிறச் சட்டையுமாக நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றான். அவனை வரவழைக்க நான் திரட்டிய காகிதம் எதையும் வழியில் ஒருவரும் கேட்கவில்லையாம்.

அவன் அம்மா விழித்துக்கொண்டு, அவன் தாடையைத் தடவி, "இளைச்சிட்ட," என்றாள். குழாய்களோடு படுத்திருந்தவள் அவள்.

அவளைத் தூங்கவிட்டு வராந்தாவுக்கு வந்தோம். அவன் என்னிடம் கோபப்படவில்லை. அவனுக்குப் புரியவில்லை. "ஃபைலுக்குன்னுதானப்பா சொன்னீங்க?"

"சொன்னேன்."

"எதையும் நம்பாதன்னீங்க."

"ஆமா."

அவன் சுவரில் சாய்ந்தான். "நான் ஏறுன பஸ்ஸுக்கு நாலு நாள் முன்னாடியே மொத பஸ் கெளம்புச்சுப்பா. இருபது பேருக்குத்தான் எடம். வூட்டுல ஆபத்து அவசரம் இருக்கிறவங்க ஆதாரத்தக் காட்டுங்க, அவங்களுக்கு மொத எடம்னு மேனேஜர் சொன்னாரு. போன்ல நீங்க அனுப்புன சர்ட்டிபிகேட் இருந்துச்சு. கையில வச்சிட்டு நின்னேன். பொய்யான தாளைக் காட்டி இன்னொருத்தன் எடத்த எப்படிப் பிடிக்கிறதுன்னு போன உள்ள வச்சிட்டேன். எனக்குப் பின்னாடி நின்ன ஒரு ஒரிசாக்காரருக்கு நெசமாவே அவங்கம்மாவுக்கு முடியல. அவரு ஏறிப் போனாரு."

ஆக, நான் தேடித் திரிந்த ரிமார்க்ஸ் காலம் உலகத்தில் ஓர் இடத்தில் இருக்கத்தான் செய்திருக்கிறது. பாலைவனத்தில், ஒரு மேனேஜரின் வாயில். அங்கே காட்ட வேண்டிய உண்மையான தாள் என் மகன் கையில் இருந்தது. அதைப் பொய் என்று அத்தாட்சி செய்து அனுப்பியவன் நான். அந்த நாலு நாளும் அவன் இருந்த ஊரில் குண்டு விழவில்லை. விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசிப்பதில்லை. அதாவது யோசிக்காத நாளில்லை.

இதையெல்லாம் மனைவியிடம் வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னோம். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மகனிடம்தான் பேசினாள். "நீ எடத்த விட்டது நல்லதுதான்டா. பொய்யின்னு நெனச்சுத்தான விட்ட." பிறகு, "அந்த ஒரிசாக்காரரு போய்ச் சேந்தாரா?" என்று கேட்டாள்.

சேர்ந்தார் என்றான்.

"அவங்கம்மாவுக்கு என்ன ஆச்சு?"

மகனுக்குத் தெரியவில்லை. அவர் பழைய எண்ணை மாற்றிவிட்டார். ஆலையில் விசாரிக்கலாமென்றால் ஆலையே மூடிக் கிடக்கிறது. என் மனைவி விடுவதாக இல்லை. இப்போது மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுகிறாள். துணியைக் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்து, வாரத்துக்கு ஒரு தடவையாவது என்னிடம் கேட்கிறாள். "ஏங்க, எத்தனையோ பேருக்கு மனு எழுதிப் போட்டீங்களே. அந்தம்மா பொழச்சாங்களான்னு கேட்டு யாருக்காவது ஒண்ணு எழுதிப் போட முடியாதா?"

யாருக்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.